பூதம் கேட்ட கேள்வி



எதிரணி நண்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். வளரும் பிள்ளைகள் தேவதைக் கதை, குட்டிச்சாத்தான் கதை படிச்சா உலகம் தெரியாமப் போயிடுமாம்! ஐயா, கொஞ்சம் திரும்பிப் பாருங்க. நிக்கிறது யானைமலை. மதுரையை அழிக்க வந்த மாய யானை, சொக்கநாதர் அம்பு பட்டுக் கல்லாய்ச் சமைஞ்சதுன்னு திருவிளையாடல் சொல்லுது. அந்தக் கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. இங்க யாருக்கு உலகம் தெரியல? மாட்டுத்தாவணி பஸ்ஸில் மீதிச் சில்லறையை எண்ணித்தானே வாங்குறாங்க! (சிரிப்பு)

அது கிடக்கட்டும். சிலப்பதிகாரத்துக்கு வருவோம். புகார் நகரத்தில் சதுக்கபூதம் என்று ஒரு பூதம். சும்மா போறவனைத் தொடாது. பொய்ச்சாட்சி சொல்பவன், போலித் துறவி, பிறன்மனை நோக்குபவன், இவங்களைத்தான் கயிற்றால் கட்டி, அடித்துத் தின்னும். ஒரு பத்தினிப் பெண்மேல் பொய்ச்சாட்சி சொன்னவனை அது பிடித்துவிட்டது. பெத்தவ கதறுறா. கோவலன் ஓடிப்போய், "என் உயிரை எடுத்துக்கொள், இவனை விடு" என்கிறான். கெட்டவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரை வாங்கினால் எனக்கு நற்கதி போய்விடும் என்று பூதம் மறுத்துவிட்டது. கணக்கு வழக்கு உள்ள பூதம் ஐயா! கோவலன் அதோடு விடவில்லை. அந்தத் தாயையும் சுற்றத்தையும் பல ஆண்டு காப்பாற்றினான். அடைக்கலக்காதையில் மாடலன் சொல்லும் செய்தி இது. இருபத்தைந்து வருஷமா வகுப்பில் நடத்துகிறேன்.

அப்படிப்பட்ட நான் வீட்டில் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்பதாவது படிக்கிற என் மகள் கணக்குப் புத்தகத்துக்குள்ள ஹாரி பாட்டரை வைத்துப் படிச்சா. பிடுங்கிட்டேன். "பேய்க் கதை படிச்சா மார்க்கு வருமா?" என்று சத்தம் போட்டேன்.

அவ அழல. "அப்பா, ரெண்டாம் பாகத்துல டாபின்னு குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு ஜீவன். பணக்கார வீட்டுல அடிமை. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. எசமான் துணி ஏதாவது கொடுத்தாத்தான் விடுதலை. ஹாரி தந்திரம் பண்ணி, எசமான் கையாலேயே ஒரு காலுறை கிடைக்க வச்சு விடுவிச்சிட்டான்" என்றாள்.

"சரி, அதுக்கென்ன?"

அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு வாரத்துல ஒரு நாளாச்சும் லீவு உண்டாப்பா? தீபாவளிக்குச் சேலை குடுக்கிறோம். அதோட சரியா?"

நடுவர் அவர்களே, எத்தனையோ மேடை ஏறியவன் நான். வாயைத் திறக்க முடியல. (கைதட்டல்) பன்னிரண்டு வருஷமா அந்தப் பெண் வருது. அதுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்டுன்னு நான் நினைச்சதே இல்லை. நீதிநூல் அத்தனையும் எனக்கு மனப்பாடம்!

இப்ப ஞாயிறு விடுமுறை. சம்பளப் பிடித்தம் இல்லை. அன்னிக்குப் பாத்திரம் யார் தேய்க்கிறதுன்னு மட்டும் கேட்காதீங்க. எதிரணி அம்மா என் கையையே பார்க்கிறாங்க! (பலத்த சிரிப்பு) புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். மூன்றாம் பாகம் வேணுமாம். நாளைக்குப் புத்தகக் கடைக்குப் போகணும்.

தீர்ப்பை நீங்க சொல்லுங்க ஐயா.