சுதையில் எழுந்த திருமகள்



புலமை மிக்கோர் பேசும் இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தன் நிற்பது துணிச்சல்தான். பதிவேடுகளே நான் பயின்ற இலக்கியம். ஆயினும் கொத்தனார் குடும்பத்தில் பிறந்தவனாதலால், சுண்ணாம்பைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமையுண்டு.

நம் திருப்பதிக்கு அருகே சந்திரகிரிக் கோட்டையிலுள்ள இராஜமகாலை நீங்கள் கண்டிருப்பீர்கள். விசயநகர மன்னர் காலத்து மூன்றடுக்கு மாளிகை; மரமே சேராமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பியது. அதன் வளைவுகள் சுல்தான்களின் கட்டடக்கலை வழி வந்தவை. உச்சியிலோ நம் கோயில் விமானம் போன்ற சிகரங்கள். பிறர் பாணியை ஏற்று, அதன் தலையில் தன் அடையாளத்தைச் சூட்டும் இவ்வழக்கம், நான் பிறந்த செட்டிநாட்டில் இன்னும் வெளிப்படை.

ஐரோப்பாவில் 1738இல் எர்க்குலேனியத்தையும் 1748இல் பாம்பேயையும் அகழத் தொடங்கியபின், பழைய கிரேக்க உரோமக் கலைமீது புதுமோகம் வளர்ந்தது. ஆங்கிலேயர் அதனை இங்கும் கொணர்ந்தனர். சென்னையில் இராஜாஜி மண்டபம் எனப்படும் 1802ஆம் ஆண்டுக் கட்டடம், பிளாசி, சீரங்கப்பட்டண வெற்றிகளின் நினைவாகக் கிரேக்கக் கோயில் சாயலில் எழுந்ததன்றோ! வென்றவனின் அந்தத் தூண்களைக் கடல்கடந்து பொருளீட்டிய நகரத்தார் தம் வீட்டு முகப்பில் நிறுத்தினர். உரோமத் தேவதை அமர வேண்டிய உச்சியில், யானைகள் நீராட்டக் கஜலட்சுமியை அமர்த்தினர். அருகே சிறகு முளைத்த மேனாட்டுச் சிறுமியர். சில வீடுகளில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும் உண்டு! திருமகளுக்குக் காவல் வேண்டும்போலும்.

அத்திருமகள் எங்கிருந்து வந்தாள்? கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம், 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. நெல்விலை வீழ்ந்து கடனடைக்க இயலாத உழவர்களின் நிலம் அது. வட்டித்தொழில் செய்தோர் நிலத்தை நாடிச் செல்லவில்லை, கடனுக்கு ஈடாக அது வந்து சேர்ந்தது என்பதும் உண்மையே. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் கையில் ஒன்றுமின்றி ஊர் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கிற்று.

என் பாட்டனார் தம் பன்னிரண்டாம் வயதில் அத்தகைய முகப்பொன்றுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். கடுக்காய்நீரும் வெல்லமும் கலந்து புளிக்கவைத்து, வெண்ணெய்போல் ஆகும்வரை அரைக்க வேண்டும். கடைசிப் பூச்சுக்கு முட்டை வெண்கரு. திருமகளின் முகத்தை வனைந்தவர் அவருடைய தந்தையார். புதுமனை புகுந்த நாளில் இருவருக்கும் இலை போட்டது திண்ணைக்குக் கீழே. தாம் வனைந்த அம்முகத்தைக் கடந்து அவர்கள் ஒருநாளும் உள்ளே சென்றதில்லை. பாட்டனார் இதைக் குறையாகச் சொன்னவரல்லர்; எனக்குத்தான் உறுத்துகிறது.

நான் பள்ளியிறுதி முடித்த ஆண்டில் அவ்வீட்டை இடித்தார்கள். தேக்குக் கதவும் தூணும் விலைபோயின. சுதையைப் பெயர்த்தால் உடையும். அதனை வாங்குவார் யார்? பாட்டனார் என்னை அழைத்துக்கொண்டு போனார். இடிபாட்டின்மேல் ஏறி அன்றுதான் அவ்வாயிலைக் கடந்தார். நெடுநேரம் தேடி, தாமரை இதழ் ஒன்றை மேல்துண்டில் முடிந்துகொண்டார்.

அவ்விதழை இன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் விரும்புவோர் கையில் எடுத்துப் பார்க்கலாம். பூச்சின் வழவழப்பு இன்னும் போகவில்லை.