வட்டிக்கடைக்குப் போன கணக்கு ரீச்சர்

(நூற்றாண்டு விழாவில் 1997 உயர்தர வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றியும் நடைப்பயிற்சி பற்றியும் கேட்க வேண்டிவரும் என்று பயந்திருப்பீர்கள். இன்று அது இல்லை. எங்கள் வகுப்புக்குத் தரப்பட்ட இந்தச் சில நிமிடங்களை எங்களில் ஒருத்தியைப் பற்றிப் பேசச் செலவழிக்கப் போகிறோம். பெயர் சொல்லக் கூடாது என்பது அவளுடைய கட்டளை. முன் வரிசைகளில் எங்கோதான் இருக்கிறாள்.

1995 ஒக்ரோபரில் இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு திரும்பி வந்து, ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். உயிரியல் பிரிவில் இருந்த எங்களுக்கு இரசாயனவியலில் வரும் கணக்குகள்கூட அவள் சொல்லித் தந்தால்தான் விளங்கும். "விளங்காட்டித் திருப்பிக் கேளுங்கோடி" என்பாள். அவள் கணித ஆசிரியையானது எவருக்கும் வியப்பாக இருக்கவில்லை. 17 ஆண்டுகள் கற்பித்தாள். தன் வகுப்புப் பிள்ளைகளிடம் காசு வாங்கி ரியூசன் கொடுப்பதில்லை என்பதில் கடைசிவரை பிடிவாதமாக இருந்தாள்.

பிறகு 2022 வந்தது. செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் மூன்று மாதங்களுக்கு மேல் நடந்த ஆசிரியர் போராட்டத்தின் பின் கூடிய சம்பளம் எந்த மூலைக்கும் போதவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுக்கையில் தாய். 44 வயதில் இராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நிதிக் கம்பனி ஒன்றின் கடன் பிரிவில் சேர்ந்தாள்.

அரச சேவையை இராஜினாமாச் செய்தால் ஓய்வூதியம் இல்லை. தனியார் துறையில் இருப்பது ஊழியர் சேமலாப நிதி. ஊழியரின் பங்கு 8 சதவீதம், வேலை கொடுப்பவரின் பங்கு 12. அதோடு நம்பிக்கை நிதியத்துக்கு 3. 60 வயதில் அது எவ்வளவாகும் என்று சதுரக் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தாள். விடை அவளுக்குச் சாதகமாக வரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த மாதத்துப் பால்மா வேண்டுமே.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "கணக்கு ரீச்சர் வட்டிக்கடைக்குப் போறாவாம்." அதே ஆண்டில் எங்களில் மூன்று வைத்தியர்கள் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டார்கள். அவர்களுக்குக் கேக் வெட்டினோம். அவர்கள் விட்டுச்சென்ற நோயாளர்களை யார் பார்ப்பார் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இவளிடம் மட்டும், "அந்தப் பிள்ளைகளை நினைச்சுப் பாத்தனியோ?" என்று கேட்டோம்.

புதிய இடத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி அவளிடமே படித்த பையன். வாடிக்கையாளர் முன்னால் "ரீச்சர், இந்தப் பத்திரத்தை இப்பிடி நிரப்பக் கூடாது" என்பானாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஐந்தொகை வாசிப்பதும் கடன் கேட்பவரின் வருமானத்தை மட்டிடுவதும் அவளுக்குக் கடினமாக இருக்கவில்லை. சிரமப்படுத்தியது மாத இலக்கு. பள்ளிக்கூடத்தில் மாத முடிவில் எத்தனை பிள்ளைகளை "முடித்தாய்" என்று எவரும் கேட்பதில்லை.

இனி வைத்தியர்களாகிய எங்களின் கதை. கிளினிக்குக்கு ஒரு பெண் வந்துபோவார். நித்திரை இல்லை, தலையிடி, இரத்த அழுத்தம் ஏறியபடி. குளிசையைக் கூட்டிக் கூட்டி எழுதினோம். ஒருநாள் அவருடைய பையிலிருந்து கடன் அட்டை ஒன்று கீழே விழுந்தபோதுதான் ஏன் என்று கேட்கத் தோன்றியது. வடக்கில் போருக்குப் பின் நுண்கடன் எத்தனை வீடுகளுக்குள் நுழைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவரையும் அட்டையையும் எங்கள் தோழியிடம் அனுப்பினோம்.

60,000 ரூபா கடன். "24 சதவீதம்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வட்டி 14,400. மாதம் 6,200 வீதம் 12 மாதம். அவள் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: ஒவ்வொரு மாதமும் முதலில் ஒரு பகுதி கழிகிறது, ஆனால் வட்டி மட்டும் கடைசிவரை முழு 60,000க்கும் போடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 42 சதவீதம். "அக்கா, விளங்காட்டித் திருப்பிக் கேளுங்கோ" என்றாளாம். அந்தப் பெண் மூன்று தரம் கேட்டிருக்கிறார். அதன் பிறகு இன்னொரு கம்பனி நீட்டிய கடனை வாங்க மறுத்துவிட்டார். அழுத்தம் முற்றாகக் குறையவில்லை, குளிசையும் நிற்கவில்லை. ஆனால் கூட்டி எழுத வேண்டி வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு நிதித்துறை ஒரு தருமசாலை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த 24 சதவீதக் கணக்கைச் சொல்லி விற்பவர்களும் அதே துறையில்தான் இருக்கிறார்கள், அதை முதலில் சொல்பவள் அவள்தான். அவள் விட்டுப்போன சாதாரணதர வகுப்புக்கு ஒரு தவணை முழுவதும் கணித ஆசிரியர் வரவில்லை என்பதும் உண்மை. அந்த வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் இன்றும் கோயில் வீதியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்கு அவளிடம் மறுமொழி இல்லை. எங்களிடமும் இல்லை.

வட்டிக்கடை என்று எழுதியது எங்களில் ஒருத்தி. அதற்குச் சிரித்த முகம் போட்டவர்கள் பதினொருவர். இப்போது இந்த மேடையில் பேசிக்கொண்டிருப்பவரும் அந்தப் பதினொருவரில் அடக்கம். செய்தியை அழித்துவிட்டோம், ஆனால் அதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். இத்தனை நாளாக அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

பன்னிரண்டு பேரும் இன்று வந்திருக்கிறோம். ரொறன்ரோவில் இருந்து ஒருத்தி, இலண்டனில் இருந்து இருவர். மன்னித்துக்கொள்ளடி. மதியச் சாப்பாட்டுக்கு வேம்படிப் பக்கத்து மேசையில் உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறோம். வராமல் போய்விடாதே.