காரணிகளில் முந்தும் ஒரு பேரெண்

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்பர். அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள், அதாவது அதன் காரணிகள், 1, 5, 197, 985 என நான்கே. அதைவிடச் சிறிய 840-க்கோ 32 காரணிகள் உள்ளன. இவ்வாறு தனக்கு முந்தைய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளைப் பெற்றவற்றை 'மிகு பகு எண்கள்' எனலாம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், இவற்றைப் பற்றிய விரிவான கட்டுரையை 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

அக்கட்டுரையின் பட்டியல் 67,46,32,83,88,800 என்ற எண்ணுடன் முடிகிறது. ஆறே முக்கால் லட்சம் கோடியை நெருங்கும் இவ்வெண்ணைப் பகா எண்களாக, அதாவது ஒன்றும் தானும் தவிர வேறு காரணியற்ற எண்களாக உடைத்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் பெருக்கலில் இடம்பெறுகின்றன. இம்முறைகள் ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டி, கிடைப்பவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 10,080. பகா எண் பெரிதாகும்போது அது வரும் முறை ஒருபோதும் கூடுவதில்லை என்பதும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற மிகு பகு எண்களில் இறுதிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதும் அக்கட்டுரை நிறுவிய அழகிய ஒழுங்குகளாகும்.

கணினி இல்லாத காலத்தில் உருவான, நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அப்பட்டியலில் விடுபட்டது 2,93,31,86,25,600 என்ற ஒன்றே. வியப்புக்குரிய வகையில், அதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே கிடைக்கிறது.