முதற்சீடரின் நம்பிக்கை: சொல்வழி ஒரு நோக்கு



சிவன் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே வட்டாரத்தில் விளங்கும் இக்கேலாங்கில் சமயச் சொற்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. இயேசுவின் முதற்சீடர் கொண்ட நம்பிக்கையைத் தமிழ் எச்சொற்களால் உணர்த்துகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுந்தது. அதில் சீடரைக் குறிக்கும் 'மதேதேஸ்' என்னும் சொல், கற்றலைக் குறிக்கும் வினையடியிற் பிறந்தது. கற்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். நற்செய்தி நூல்களிலும் திருத்தூதர் பணிகளிலும் பயிலும் இச்சொல், பவுலின் மடல்களில் ஓரிடத்தும் இல்லை. தமிழில் வழங்கும் 'சீஷர்', 'சீடர்' என்னும் இரண்டும் 'சிஷ்ய' என்னும் வடசொல்லின் வழிவந்தவை. கற்பிக்கப்படுபவர் என்னும் பொருளுடையவை. இவ்வளவில் சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த சொல்லில் எழுகிறது. தரங்கம்பாடியில் 1715-இல் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறியபின் மொழிபெயர்ப்புகள் பல தோன்றின. சீர்திருத்தச் சபையினரிடையே பெருவழக்காயுள்ள மொழிபெயர்ப்பு, கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13-ஆம் அதிகாரத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என மூன்றை நிரல்படுத்துகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியமோ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்கிறது. ஒன்றில் இரண்டாவதைக் குறித்த சொல், மற்றொன்றில் முதலாவதைக் குறிக்கிறது! இரு நூல்களையும் கையிலேந்திய மாணவர் எது சரியென வினவுவது இயல்பே.

வடசொல் என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும், பழகிய சொல் என்பதற்காக மற்றொன்றை ஐயுறுவதும் ஆய்வாகா. 'விசுவாசம்' இன்று பேச்சுவழக்கில் நன்றி மாறாமையையும் குறிக்கிறது. 'நம்பு' என்னும் சொல்லுக்கோ விருப்பம் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. நன்றி மாறாமை, விருப்பம் என்னும் இரண்டுமே முதற்சீடர் வாழ்வுக்கு அயலானவை அல்ல. கலிலேயக் கடலோரத்தில் வலைகளை விட்டு அவரைப் பின்சென்றோர், அவர் யாரென்று முழுதும் அறிந்து சென்றவரல்லர். ஈர்ப்பு முந்தியது, அறிவு பிந்தியது.

யோவான் நற்செய்தியில் நம்பிக்கையைக் குறிக்கும் 'பிஸ்திஸ்' என்னும் பெயர்ச்சொல் ஒருமுறையும் வரவில்லை. அதன் வினையோ 90-க்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. யோவானுக்கு நம்பிக்கை கைப்பொருளன்று, செய்துகொண்டேயிருக்கும் செயல். மாற்கு நற்செய்தியிலோ, புயலில் அஞ்சிய சீடரை நோக்கி, இன்னமும் நம்பிக்கை இல்லையோ என இயேசு வினவுகிறார். அவ்வாறு வினவியும் அவர்களைச் சீடர்நிலையினின்று நீக்கினாரில்லை. கற்பவர் என்னும் சொல்லின் ஆழம் இங்கே புலனாகிறது: அவர்கள் நம்பக் கற்றுக்கொண்டிருந்தவர்கள்.

எனவே, எச்சொல் சரி என வினவும் மாணவரிடம், எவ்வினையை இச்சொல் சுமக்கிறது என ஆசிரியர் திருப்பி வினவுக. இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்துக் கற்பிப்போமாயின், ஒரு சபையின் சொல்லை மறுசபையார் பிழையெனக் கருதும் நிலை மாறும்.