ஒரு மேல்கோட்டின் சாட்சியம்



யுத்தம் என்றால் டாங்கிகளையும் விமானங்களையும் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நானோ இன்று ஒரு மேல்கோட்டையும் ஒரு ஜோடி பூட்ஸையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1941 டிசம்பரில், மாஸ்கோவின் வாசலில் நின்ற ஜெர்மன் சிப்பாயின் கோட்டும் பூட்ஸும் அவை.

மாஸ்கோவில் ஹிட்லரைத் தோற்கடித்தது செஞ்சேனை அல்ல, ரஷ்யக் குளிர்தான் என்று ஜெர்மன் தளபதிகள் பலர் யுத்தத்திற்குப் பின் எழுதி வைத்தார்கள். அதைத் திருப்பிச் சொல்வோர் இன்றும் உண்டு. இது மெய்தானா? அந்த உடுப்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

1941 ஜூன் 22 அன்று முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மன் துருப்புகள் சோவியத் நாட்டின் மீது பாய்ந்தன. குளிர் காலத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பது ஹிட்லரின் கணக்கு. ஆகவே, வெற்றிக்குப் பின் காவல் நிற்கப்போகும் ஒரு பகுதிப் படைக்கு மட்டும் குளிர்கால உடுப்பு போதும் என்று திட்டமிட்டார்கள். தைத்து வைத்த உடுப்பிலும் பெரும் பகுதி போலந்தின் ரயில் நிலையங்களிலேயே தேங்கிக் கிடந்தது. ரஷ்யத் தண்டவாளம் அகலமானது. ஜெர்மன் ரயில் ஓட வேண்டுமானால் அதை மாற்றிப் போட்டாக வேண்டும். ஓடிய ரயில்களிலும் பெட்ரோலுக்கும் குண்டுகளுக்குமே இடம் போதவில்லை.

முதல் மாதங்களில் செஞ்சேனை கண்ட படுதோல்விகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. லட்சக்கணக்கான வீரர்கள் சிறைப்பட்டார்கள். ஆனாலும் ஸ்மோலென்ஸ்க் பகுதியில் இரண்டு மாதம் போர் நடந்தது. லெனின்கிராடு பணியவில்லை. தூலா விழவில்லை. கோடையில் முடியவேண்டிய யுத்தத்தை டிசம்பர் வரை இழுத்து வந்தது யார்? குளிரா? குளிர் வரும்வரை விடாமல் போராடிய மனிதர்கள்தான்!

இனி பூட்ஸைப் பாருங்கள். ஜெர்மன் பூட்ஸின் அடியில் இரும்பு ஆணிகள். இரும்பு குளிரை நேரே பாதத்துக்குக் கடத்தும். அளவும் இறுக்கம், உள்ளே இன்னொரு துணி சுற்ற இடமில்லை. சிப்பாய்கள் பத்திரிகைக் காகிதத்தைக் கசக்கித் திணித்துக் கொண்டார்கள். காவல் நிற்பவனுக்கு வைக்கோலால் பின்னிய மிதியடி! அந்தக் குளிர்காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியருக்கு உறைபனியால் கைகால்கள் பாதிக்கப்பட்டன.

எதிர்ப்புறத்திலும் அதே குளிர்தான். சோவியத் வீரனும் அதே பனியில்தான் படுத்தான், மாண்டான். ஆனால் 1939-40இல் பின்லாந்துக் குளிரில் பட்ட அடியிலிருந்து செஞ்சேனை பாடம் கற்றிருந்தது. காதை மூடும் ரோமத் தொப்பி 1940இல் வந்தது. பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த ‘வாலென்கி’ பூட்ஸ் எல்லாம் இருந்தன. 1941 செப்டம்பரிலேயே மக்களிடம் கம்பளி உடைகளைத் திரட்டும் இயக்கம் தொடங்கிவிட்டது. ஜெர்மனியிலோ கோயபல்ஸ் வானொலியில் கம்பளிக்குக் கையேந்தியது டிசம்பர் 20 அன்று!

அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. டிசம்பர் 5 அன்று செஞ்சேனை எதிர்த்தாக்குதலைத் தொடுத்தது. 15ஆம் தேதி கிளின் மீண்டது. 16ஆம் தேதி, அன்று கலினின் என்று பெயர் பெற்றிருந்த திவேர் மீண்டது. நூறு முதல் இருநூற்றைம்பது கிலோமீட்டர் வரை எதிரி பின்னுக்குத் தள்ளப்பட்டான். வழிநெடுக அவன் போட்டுவிட்டு ஓடிய டாங்கிகளையும் பீரங்கிகளையும் லாரிகளையும் சோவியத் படப்பிடிப்பாளர்கள் படமெடுத்தார்கள். அந்தப் படம் 1943இல் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசையே பெற்றது.

சிறைப்பட்ட சிப்பாய்களில் சிலர் ராணுவ உடுப்பின் மேல் பெண்களின் சால்வையைச் சுற்றியிருந்தார்கள். இதைப் பார்த்து நகைத்தவர்கள் உண்டு. நான் கேட்பது வேறு: அது யாருடைய சால்வை? கைதிகளிடமும் கிராமவாசிகளிடமும் இருக்கும் குளிர் உடைகளை ஈவிரக்கமின்றி உருவிக்கொள்ளுங்கள் என்று அந்த டிசம்பரில் ஹிட்லரே உத்தரவிட்டான். கைவிட்டுப் போகும் வீடுகளைக் கொளுத்தவும் சொன்னான். அந்தச் சால்வைக்குச் சொந்தக்காரி வீடின்றிப் பனியில் நின்றாள். நாஜி முகாம்களில் 1942 தொடக்கத்துக்குள் சுமார் இருபது லட்சம் சோவியத் கைதிகள் பசியாலும் குளிராலும் நோயாலும் துப்பாக்கியாலும் மாண்டார்கள். இத்தனையும் செய்த சிப்பாயின் இடுப்புவாரில் பொறித்திருந்த வாசகம் என்ன தெரியுமா? ‘கடவுள் நம்முடன்’!

அவனும் ஒரு தொழிலாளியின் மகனாக, ஒரு விவசாயியின் மகனாக இருந்திருப்பான். அதனால் அவன் கை செய்த பாவம் கழுவப்படாது. ஆனால் அவனைக் கோட்டில்லாமல் கொள்ளைக்கு அனுப்பிய எசமானர்கள், அவன் விரல்கள் உறைந்து உதிர்ந்த பிறகு, 1942 மே மாதம், அந்தக் குளிர்காலத்துக்கென ஒரு பதக்கம் நிறுவினார்கள். சிப்பாய்கள் அதற்கு வைத்த பெயர் ‘உறைந்த இறைச்சிப் பதக்கம்’. எசமானர்களை அவர்கள் புரிந்துகொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நண்பர்களே! சாட்சி சொல்லி முடித்துவிட்டது. குளிர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பிறர் நாட்டைச் சில வாரங்களில் விழுங்கிவிடலாம் என்று எண்ணியவனுக்குக் கோட்டு தைக்கத் தோன்றவில்லை. தன் மண்ணைக் காக்க எழுந்த மக்களோ செப்டம்பரிலேயே தங்கள் வீட்டுக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்த வெற்றியைக் குளிரின் கணக்கில் எழுத எவரையும் அனுமதியாதீர்கள்!