ஜான்சியின் இரண்டு அஞ்சல்தலைகள்

1857 எழுச்சியின் நூற்றாண்டையொட்டி 1957இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் குதிரைமேல் ராணி லட்சுமிபாய். விலை 15 நயா பைசா. அதே ஜான்சிக் கோட்டைக்காக 1858இல் போரிட்ட ஜல்காரிபாய்க்கு 2001இல்தான் அஞ்சல்தலை வந்தது. நடுவே 44 ஆண்டுகள்.

ஜல்காரி, நெசவுத்தொழில் செய்யும் கோரி சாதிப் பெண். கோட்டை வீழும் வேளையில் ராணியின் உடையணிந்து ஆங்கிலேயரைத் திசைதிருப்பினார், ராணி தப்பினார் என்பது புந்தேல்கண்டு மக்களின் வழக்காறு. ராணியின் உருவத்தைச் சுமந்து உயிரைப் பணயம் வைத்தவரின் சொந்த உருவம் அரசுக் காகிதத்தில் ஏற 143 ஆண்டுகள் ஆயின.

அதுவரை அவரைக் காப்பாற்றியவற்றில் ஊர்க்கதைகளும், தலித் எழுத்தாளர்கள் சொந்தக் காசில் அச்சிட்ட சிறு வெளியீடுகளும் உண்டு. அரசு தந்தது பழைய கடனில் ஒரு தவணை. மீதிப் பெயர்களை நாம் எழுதுவோம். ஜெய்பீம்!