புண்ணாற்றும் இழையும் நம் காயா மரமும்
(திருவண்ணாமலையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நிறைநிலா நாள்தோறும் இவ்வூருக்கு வருவோர் வெறுங்காலுடன் 14 கிலோமீட்டர் நடந்து மலையை வலம் வருகின்றனர். கல்லும் முள்ளும் கண்ணாடிச் சில்லும் அக்கால்களைக் கிழிக்கின்றன. நல்லுடல் உடையார்க்கு அப்புண் சில நாளில் ஆறிவிடும். நீரிழிவால் கால் மரத்துப் போனவர்க்கோ புண் பட்டதே தெரியாது. தெரியும்போது விரலையோ காலையோ இழக்கும் நிலையும் வந்துவிடுவதுண்டு. எனவே, புண்ணாற்றும் அறிவைப் பற்றிப் பேசுதற்கு இதனினும் பொருத்தமான ஊர் எது?

இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. மீனைத் தேடிக் குளத்துள் மூழ்கி மேலெழும் மீன்கொத்தியைப் போல், புண்ணுள் புகுந்து வெளிவரும் ஊசியைப் பரணர் பாடினார். பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டு அது. புண்பட்டவனைக் காக்கும் வீட்டில் வேம்பு செருகி, ஐயவி சிதறிய வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டுகிறார். இவற்றை வெறுமனே மார்தட்டுதற்காகச் சொல்லவில்லை. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று சொல்லி உறங்குவது, அறியாமையினும் கேடானது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் எங்கே சென்றோம் என்பதே கேள்வி.

இன்று அறிவியலார் செய்வதைக் கேளுங்கள். கட்டடம் எழுப்புவோர் முதலில் சாரம் கட்டுகின்றனர். சுவர் எழுந்தபின் அதனை அவிழ்த்து விடுகின்றனர். புண்ணுக்கும் அத்தகைய சாரம் ஒன்று உண்டு. உடலில் மெல்லச் சிதைந்து மறையும் ஒரு பொருளை நீர்மமாகக் கரைத்து, நுண்ணூசி வழியே செலுத்தி, பல்லாயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் ஊட்டுவர். அந்நீர்மம் காற்றிலேயே உலர்ந்து, தலைமுடியினும் பன்மடங்கு நுண்ணிய இழையாகி, எதிர்த்தகட்டில் மெல்லிய விரிப்பாகப் படியும். இதனை மின்னூற்பு என்போம். நூற்பும் இழையும் ஆரணி நெசவாளர்க்குப் புதியனவா? இவ்விழைவிரிப்பு, தோலுக்கடியில் இயற்கை பின்னியுள்ள வலையை ஒத்தது. தோலின் உயிரணுக்கள் அதனைப் பற்றிப் படர்ந்து பெருகும். புதுத்தோல் உருவாக உருவாகச் சாரம் தானே சிதையும். கழற்றும் வேலை இல்லை.

இவ்விழையில் மூலிகைச் சாற்றைச் சேர்த்தால் என்ன? சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் நம் காட்டாங்குளத்தூர் எசு.ஆர்.எம். பல்கலைக்கழகத்தாரும் இணைந்து ஆய்ந்தனர். அவ்வாய்வு 2013இல் 'பயோமெட்டீரியல்சு' என்னும் இதழில் வெளிவந்தது. பாலிகாப்ரோலாக்டோன் என்னும் சிதையும் பொருளோடு நான்கு நிலைத்திணைகளின் சாறுகளைத் தனித்தனியே சேர்த்து நூற்றனர். அவை யாவை? வேம்பு, சிவனார்வேம்பு, அந்தமான் காட்டில் வளரும் சாதிக்காய் இனம் ஒன்று, நான்காவது, நம் காயா! சாறு சேராத வெற்றிழையைக் காட்டிலும் காயாச்சாறு சேர்ந்த இழையில், 9 நாளில், மாந்தத் தோலின் உயிரணுக்கள் 31 விழுக்காடு மிகுதியாகப் பெருகின. நான்கு சாறுகளுள் உயிரணுக்களுக்கு மிகக் குறைந்த தீங்கு செய்ததும் அதுவே.

இஃது ஆய்வகக் கலத்தில் கண்ட பயனே அன்றி, மருத்துவமனையில் கண்ட பயன் அன்று. ஆகவே, இன்றே காயா இலையை அரைத்துப் புண்ணில் அப்பாதீர்கள். சிறப்பாக, நீரிழிவுடையோர் காற்புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தோழர்களே! காயாம்பூ என்றால் திருமாலின் நிறம் நினைவுக்கு வரும் நமக்கு, அம்மரத்தைக் காட்டச் சொன்னால் கை நீளுமா? கீழைக் கடற்கரையை ஒட்டிய கோயிற்காடுகளில் அஃது இன்றும் நிற்கிறது. ஆய்வேட்டில் அதன் பெயர் 'மெமசிலான் எடூல்'. அவ்வேட்டைப் படிக்கும் நம் மாணவி, தன் ஊர்க் காயாவே அது என்று அறிவாளா? பெயர் அறுந்தால் அறிவும் அறுந்துவிடும்.

பெயரும் எழுத்தும் இன்மையால் வரும் இழப்பை மஞ்சள் கற்பித்தது. மஞ்சளால் புண்ணாற்றுவதற்கு 1995இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று காப்புரிமை பெற்றது! நம் பாட்டிமார் அனைவரும் அறிந்ததற்கு உரிமை யாருக்கு? இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி, 1997இல் அதனை நீக்கச் செய்தது. அங்கே செல்லுபடியானவை பாட்டியின் வாய்ச்சொற்கள் அல்ல. பழைய வடமொழி நூலும் 1953இல் வெளிவந்த மருத்துவ இதழ்க் கட்டுரையும் போன்ற எழுத்துச் சான்றுகளே. எழுதி வைத்தவன் வென்றான். எழுதாதவன் எத்தனை இழந்தானோ!

எனவே, மூன்று பணிகள் நம்முன் உள்ளன. ஊர்தோறும் முதியோர் அறிந்த மூலிகையின் பெயரையும் பயனையும் நாளிட்டு எழுதுங்கள். அறிவியல் கற்கும் இளைஞர்களே, நீங்கள் ஆய்வதைத் தமிழில் எழுதுங்கள். சாரம், இழை, நூற்பு என்னும் சொற்கள் ஆயத்தமாக உள்ளன. மரத்தைக் காத்து வளருங்கள். மரம் அழிந்தபின் பெயரால் பயனில்லை.

காலில் பட்ட புண்ணை மருத்துவர் ஆற்றுவர். மொழியில் பட்ட புண்ணை நாம்தாம் ஆற்றவேண்டும். எழுவோம்! எழுதுவோம்!